திரும்பி வந்த காசோலை: எந்த வழக்கில் யார் எதை நிரூபிக்க வேண்டும்?

கடனுக்காக வாங்கிய காசோலை ‘கணக்கில் போதிய பணம் இல்லை’ என்ற குறிப்போடு வங்கியிலிருந்து திரும்பிவிட்டால், கடன் கொடுத்தவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன் காசோலை வழக்குத் தொடரலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் வசூலிக்க வழக்குப் போடலாம். ஏமாற்றப்பட்டேன் என்று காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கலாம். எது சீக்கிரம் முடியும், எதற்கு எதிராளி பயப்படுவார் என்று பார்த்தே பெரும்பாலானோர் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்பே விடை தேட வேண்டிய கேள்வி வேறு: கடன் கொடுத்தேன் என்பதை நான் நிரூபிக்க வேண்டுமா, அல்லது கடன் இல்லை என்பதை அவர் காட்ட வேண்டுமா? மூன்று வழிகளிலும் இதற்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. கையில் இருக்கும் ஆவணங்களை அந்த விடைகளோடு பொருத்திப் பார்த்தால், எந்த வழியில் போவது என்பது பல நேரங்களில் தானாகவே தெளிவாகிவிடும்.

பொது விதி எளியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 104-ஆவது பிரிவு, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 101-ஆவது பிரிவில் இருந்ததையே மீண்டும் சொல்கிறது: சில நிகழ்வுகள் உண்மை என்று கூறி, அவற்றின் அடிப்படையில் தீர்ப்புக் கேட்பவர் எவரோ அவரே அவற்றை நிரூபிக்க வேண்டும். இரு தரப்பும் சாட்சியமே அளிக்காவிட்டால் யார் தோற்பாரோ, அவர் மீதுதான் சுமை இருக்கிறது என்பது 105-ஆவது பிரிவு தரும் சோதனை. இதற்கு மேல், எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்ற அளவும் இருக்கிறது. உரிமையியல் வழக்கில் எந்தத் தரப்புச் சொல்வது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு உள்ளது என்று நீதிபதி எடைபோட்டால் போதும். குற்ற வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் மட்டும் அறிந்த ஒருவர், குற்ற வழக்குதான் புகார்தாரருக்குக் கடினம், உரிமையியல் வழக்கு சுலபம் என்று முடிவு கட்டுவார். காசோலை விஷயத்தில் அது தலைகீழாகப் போய்விடுகிறது.

காசோலை வழக்கு

138-ஆவது பிரிவு 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பதால் இது குற்ற வழக்குதான். ஆனாலும் இதன் உள்ளடக்கம் பண வசூல்தான் என்பதை உச்ச நீதிமன்றம் மறைத்துப் பேசவில்லை. 2021-இல் ஒரு தீர்ப்பில் நீதிபதி நரிமன், இது குற்றவியல் ஓநாயின் தோலைப் போர்த்திக்கொண்ட உரிமையியல் ஆடு என்றே எழுதினார்.

இந்த வழக்கின் பலம் முழுவதும் இரண்டு அனுமானங்களில் இருக்கிறது. காசோலை பிரதிபலன் (பணம் போன்ற ஈடு) பெற்றே எழுதப்பட்டது என்று 118-ஆவது பிரிவு அனுமானிக்கச் சொல்கிறது. கடனையோ வேறு பொறுப்பையோ தீர்ப்பதற்காகவே அது பெறப்பட்டது என்று 139-ஆவது பிரிவு அனுமானிக்கச் சொல்கிறது. இரண்டிலும் நீதிமன்றத்துக்கு விருப்பத்தேர்வு இல்லை. கையெழுத்து தன்னுடையது என்று எதிரி ஒப்புக்கொண்டாலோ, அது நிரூபிக்கப்பட்டாலோ, அனுமானத்தை நீதிமன்றம் எழுப்பியே ஆக வேண்டும். கடன் என ஒன்று சட்டப்படி இருந்தது என்பதையும் இந்த அனுமானம் உள்ளடக்குமா என்ற கேள்வியில் 2008-இல் இரண்டு நீதிபதிகள் அமர்வு ‘இல்லை’ என்று கூறியது. 2010-இல் ரங்கப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் இருந்தது என்பதும் அனுமானத்துக்குள் அடங்கும் என்று தீர்த்து வைத்தது. கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடங்களை வெறுமையாக விட்டுக் கொடுத்த காசோலைக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் ஒரு தீர்ப்பு கூறுகிறது. ஆகவே ‘வெற்றுக் காசோலைதான் கொடுத்தேன், அவரே நிரப்பிக்கொண்டார்’ என்ற, நீதிமன்ற வளாகங்களில் நாள்தோறும் கேட்கும் வாதம், அதன் வலுவில் மட்டும் நின்று எதிரியைக் காப்பாற்றாது.

இதன் நடைமுறை விளைவை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒருவர் தம் நண்பருக்கு ஐந்து லட்சம் ரூபாயைக் கைமாற்றாக ரொக்கமாகக் கொடுத்து, பிறகு ஒரு காசோலையைப் பெற்றிருக்கிறார்; வேறு எந்தத் துண்டுச் சீட்டும் இல்லை. காசோலை இல்லாமல் வாய்மொழிக் கடனை மட்டும் வைத்து அவர் உரிமையியல் வழக்குக்குப் போனால், பணம் எங்கிருந்து வந்தது, எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கொடுத்தார் என்பதையெல்லாம் அவரேதான் முதலில் நிறுவ வேண்டும். காசோலை வழக்கில், காசோலை எதிரியின் கணக்கைச் சேர்ந்தது, உரிய காலத்தில் வங்கியில் செலுத்தப்பட்டது, பணமின்றித் திரும்பியது, அறிவிப்பு அனுப்பியும் பணம் வரவில்லை என்ற அடிப்படைச் செய்திகளை மட்டும் நிரூபித்துவிட்டு அவர் ஒதுங்கி நிற்கலாம். கணக்கு மூடப்பட்டிருந்தாலும், பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு உத்தரவு போயிருந்தாலும், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பியிருந்தாலும் 138-ஆவது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் வெவ்வேறு தீர்ப்புகளில் கூறியுள்ளது. தொகை ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது என்பதும் வழக்கை அழிப்பதில்லை. இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் பெறுவதைத் தடுக்கும் வருமான வரிச் சட்ட விதியை மீறியதற்கு வரித் துறை தண்டம் விதிக்கலாம். அதனாலேயே கடன் வசூலிக்க முடியாததாகிவிடாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இவ்வளவு சாதகம் இருந்தும் காசோலை வழக்குகள் தோற்கின்றன என்றால், அனுமானத்தை உடைக்க எதிரிக்குத் தேவைப்படும் அளவு சிறியது என்பதே காரணம். கடன் இல்லை என்பதை அவர் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. கடன் இல்லாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு அவர் சாட்சிக் கூண்டில் ஏறக்கூட வேண்டியதில்லை. புகார்தாரர் தாக்கல் செய்த ஆவணங்களிலிருந்தும், அவரைக் குறுக்கு விசாரணை செய்ததில் வந்த பதில்களிலிருந்தும் அதைக் காட்டிவிடலாம். பசலிங்கப்பா வழக்கில் (2019) நடந்தது அதுதான்: அவ்வளவு பெரிய தொகையைக் கடனாகக் கொடுக்கும் வசதி புகார்தாரருக்கு அந்த நேரத்தில் இருந்ததா என்ற கேள்வி எழுந்தது, திருப்தியான விடை இல்லாததால் எதிரி விடுதலையானார். எதிரி தம் பங்கை இப்படி நிறைவேற்றிவிட்டால் அனுமானம் மறைந்துபோகிறது என்றும், அதன்பின் கடன் இருந்தது என்பதைப் புகார்தாரர் சாதாரண நிகழ்வு ஒன்றை நிரூபிப்பதுபோல் நிரூபிக்க வேண்டும் என்றும் ராஜேஷ் ஜெயின் தீர்ப்பு (2023) விளக்குகிறது. அதாவது, முதலில் தேவைப்படாத வருமான வரிக் கணக்கும் வங்கி விவரமும் இரண்டாவது சுற்றில் தேவைப்படலாம். அவை இல்லாமல் காசோலையை மட்டும் நம்பி வந்தவர் அங்கேதான் தடுமாறுகிறார்.

இந்த இடத்தில் வக்கீல் அறிவிப்புக்கு எதிரி அனுப்பும் பதிலின் மதிப்பைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். புகார்தாரரின் வசதியைப் பதில் அறிவிப்பிலேயே கேள்விக்குள்ளாக்கியிராதபோது, அதைத் தொடக்கத்திலேயே நிரூபிக்கும்படி அவரிடம் எதிர்பார்க்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனாலும் விசாரணையில் வேறு ஆதாரங்கள் வழியாக அதே கேள்வியை எழுப்பும் உரிமை எதிரிக்கு உண்டு. எனவே பதில் வராத வழக்கும், ‘இவரிடம் இவ்வளவு பணம் எப்போதும் இருந்ததில்லை, காசோலை சீட்டுக்குப் பிணையாகக் கொடுத்தது’ என்று விரிவான பதில் வந்த வழக்கும் ஒரே எடை உடையவை அல்ல. அந்தப் பதிலைப் படிக்கும் முன்பே வழியை முடிவு செய்துவிடுவது அவசரம் என்பேன்.

இன்னொரு பலவீனம் நாட்கணக்கு. காசோலையை அதில் குறித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் செலுத்த வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்து 30 நாட்களுக்குள் எழுத்து மூல அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்தபின் 15 நாட்கள் எதிரிக்கு அவகாசம். அந்த 15 நாட்கள் கழிந்ததும் ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். கடைசிக் கெடுவைத் தவறவிட்டால் போதிய காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம். அறிவிப்புக்கான 30 நாட்களுக்கு அந்த வசதி இல்லை. தொகையிலும் கவனம் தேவை. காசோலை கொடுத்தபின் எதிரி ஒரு பகுதியைத் திருப்பியிருந்தால், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டது 138-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகாது என்று 2022-இல் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. வாரக்கணக்கில் சிறு தொகையாகத் திருப்பி வாங்கிக்கொண்டே முழுக் காசோலையையும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 இறுதியில் நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்று உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. விசாரணை நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கேட்க 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது என்றாலும், அது நடுவரின் விருப்புரிமை. வழக்குத் தோற்றால் வட்டியோடு திருப்பிக் கொடுக்கவும் நேரும்.

உரிமையியல் வழக்கு

புரோநோட்டு கையில் இருப்பவருக்கு, காசோலை வழக்கு தரும் சாதகத்தில் பெரும்பகுதி இங்கேயும் கிடைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிரதிபலன் பெற்றே எழுதப்பட்டது என்ற 118-ஆவது பிரிவின் அனுமானம் காசோலைக்கு மட்டும் உரியது அன்று, புரோநோட்டுக்கும் உரியது. எழுதிக் கொடுத்தது உண்மை என்று பிரதிவாதி ஒப்புக்கொண்டால், பணம் கைமாறவில்லை என்று காட்டும் பொறுப்பு அவர் பக்கம் போகிறது. கையெழுத்தையே மறுத்தால் சுமை வாதியிடம்தான் இருக்கும்; அப்போது சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் சீட்டை எழுதியவரும் நீதிமன்றம் வந்து சொல்வது வழக்கின் முதுகெலும்பாகிவிடும். புரோநோட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை என்றபோதிலும், இரண்டு பேரைக் கையெழுத்திட வைக்கும் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

புரோநோட்டுக்கு இருக்கும் பெரிய ஆபத்து ரெவின்யூ ஸ்டாம்ப். மற்றப் பல ஆவணங்களில் முத்திரைக் கட்டணம் குறைந்திருந்தால் தண்டம் செலுத்திச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகையை முத்திரைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு மறுத்துவிடுகிறது. உரிய வில்லை இல்லாத புரோநோட்டைச் சாட்சியமாகவே ஏற்க மாட்டார்கள் என்பதால், அனுமானம் பற்றிய பேச்சு அங்கே தொடங்கவே தொடங்காது.

காசோலையோ புரோநோட்டோ இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளைப்படி சுருக்க நடைமுறையில் வழக்குத் தொடரலாம். நிரூபணச் சுமையின் நோக்கில் இது தனித்தன்மை உடையது. பிரதிவாதிக்கு எதிர்வழக்காடும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. அழைப்பாணை கிடைத்த பத்து நாட்களில் முன்னிலையாகி, பின்னர் தீர்ப்புக்கான அழைப்பாணை வந்த பத்து நாட்களில், எதிர்வழக்காட அனுமதி கேட்டு, தம் தரப்பில் பொருள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வலுவான எதிர்வாதம் என்றால் நிபந்தனையின்றி அனுமதி கிடைக்கும். ஐயத்துக்குரியது என்றால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லி அனுமதி கிடைக்கலாம். வெறும் ஒப்புக்குச் சொல்வது என்றால் அனுமதி மறுக்கப்பட்டு, சாட்சி விசாரணை இல்லாமலேயே வாதிக்குத் தீர்ப்பாணை வந்துவிடும்.

காலம், தொகை ஆகியவற்றில் உரிமையியல் வழி பொறுமையானது. பொதுவாக மூன்று ஆண்டுகள் அவகாசம்; அதற்குள் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். அறிவிப்பு ஒரு நாள் தாமதமானதற்காக வழக்கு விழாது. பகுதித் தொகையைத் திருப்பி வாங்கியிருந்தால் மீதிக்கு மட்டும் கேட்கலாம். வட்டியும் கேட்கலாம், புரோநோட்டில் விகிதம் குறிக்காமல் விட்டிருந்தாலும் ஆண்டுக்கு 18 சதவீதம் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு கணக்கு வைக்கிறது. தீர்ப்பாணை கிடைத்தபின் சொத்தை ஜப்தி செய்யும் வழி திறக்கிறது. இதற்கு ஈடாகத் தமிழ்நாட்டில் வழக்குத் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 2017-க்கு முன் இருந்த 7.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனாலும் பத்து லட்சம் ரூபாய் வழக்குக்கு முப்பதாயிரம் ரூபாயைத் தொடக்கத்திலேயே எடுத்து வைப்பது, ஏற்கெனவே பணத்தைப் பறிகொடுத்தவருக்கு எளிதன்று.

மோசடிப் புகார்

மூன்றாவது வழியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஏமாற்றுதல் குற்றத்துக்கு, பணம் வாங்கும்போதே திருப்பித் தரும் எண்ணம் இல்லை என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். 118, 139-ஆவது பிரிவுகளின் அனுமானங்கள் எதுவும் இங்கே உதவிக்கு வராது. பின்னால் பணம் தரவில்லை என்பதிலிருந்து முன்னால் இருந்த எண்ணத்தை ஊகிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. இல்லாத நிலத்தைக் காட்டி முன்பணம் வாங்கியது, ஏற்கெனவே மூடிய கணக்கின் காசோலையைத் தெரிந்தே கொடுத்தது போன்ற தனிச் செய்திகள் இருந்தால் ஒழிய, வெறும் கடன் பாக்கிக்காகக் காவல் நிலையத்துக்குப் போவது மூன்றிலும் கனமான சுமையைத் தானே கேட்டு வாங்குவதாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

காசோலை மட்டும் இருக்கிறது, வேறு எழுத்து இல்லை, கெடுநாட்கள் தவறவில்லை, கொடுத்த பணத்தின் மூலத்தைக் கணக்கில் காட்ட முடியும் என்றால் காசோலை வழக்கே பொருத்தம். பணத்தின் மூலத்தைச் சொல்ல முடியாதவர், உரிமம் இல்லாமல் தொடர்ந்து வட்டிக்கு விடுபவர் ஆகியோர் குறுக்கு விசாரணையில் என்ன கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே தம் வக்கீலிடம் பேசிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் மறந்துவிட மாட்டார். உரிய வில்லை ஒட்டிய புரோநோட்டு இருந்து, கடன்பட்டவருக்கு ஜப்தி செய்யும்படியான சொத்தும் இருந்தால், கட்டணத்தைக் கட்டி உரிமையியல் வழிக்குப் போவதையே நான் முன்னிறுத்துவேன். சிறைத் தண்டனை எதிராளியைச் சமரசத்துக்குக் கொண்டுவரும் என்ற எண்ணம் பொய்யன்று. ஆனால் சொத்து உள்ளவர் மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு போகும் வசதியும் உள்ளவர் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை. காசோலை வழக்கில் இழப்பீடாகக் கிடைத்த தொகையை உரிமையியல் தீர்ப்பாணையில் கழித்துக்கொள்வார்கள். இரட்டை வழியில் எச்சரிக்கைக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. காசோலை பிணைக்காகக் கொடுக்கப்பட்டது என்று உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்திருந்த ஒரு வழக்கில், அதே காசோலைக்காக விதிக்கப்பட்டிருந்த குற்றத் தீர்ப்பை 2024-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே எதிராளி முந்திக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு (தம் சட்ட நிலையை அறிவிக்கக் கோரும் வழக்கு) போட்டிருந்தால், நடுவர் மன்றத்து வழக்கே போதும் என்று அதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

காசோலை வழக்கு நடக்கும் ஆண்டுகள் உரிமையியல் வழக்கின் மூன்று ஆண்டுக் கெடுவிலிருந்து கழிக்கப்படுவதில்லை. நடுவர் மன்றத்தில் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்து, நான்காம் ஆண்டில் எதிரி விடுதலையானபின் உரிமையியல் வழக்குக்கு வருபவரின் மனு, கடனை நிரூபிக்கும் கட்டத்துக்கே போகாமல் காலாவதிக் காரணத்தால் தள்ளுபடியாகும். கடன் கொடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டது, காசோலை வழக்கு இன்னும் சாட்சி விசாரணைக்கு வரவில்லை என்றால், அதன் முடிவுக்குக் காத்திராமல் வசூல் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும். காசோலை, புரோநோட்டு ஆகியவற்றின் அசல் நடுவர் மன்றத்தில் சான்றாவணமாகக் கிடந்தால், சான்றிட்ட நகலுக்கு அன்றைக்கே மனுப் போடுவது நல்லது. கடனைப் பற்றிய வாட்ஸ்அப் உரையாடல் ஏதேனும் இருந்தால், சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழோடு அதையும் சேர்க்க வேண்டும். ‘அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்’ என்று எதிராளி அனுப்பிய ஒரு வரி, இரண்டு நீதிமன்றங்களிலும் அவரே சுமக்க வேண்டிய சுமையைக் கணிசமாகக் கூட்டிவிடும்.